ரொறன்ரோ மேயர் இடைத்தேர்தல்: 102 பேரில யாருக்குப் போடுறியள்?

எக்லின்ரன் கிழக்கு | 5 யூன் 2023

உறவுகளே, 26ஆம் திகதி ரொறன்ரோவில மேயர் தேர்தல். முன்கூட்டிய வாக்களிப்பு வாற வியாழன், 8ஆம் திகதி தொடங்கி 13 வரைக்கும் நடக்கும். இந்தக் கருத்துக்களத்தில இதைப் பற்றி ஒரு திரிகூட இல்லை எண்டதால நானே தொடங்குறன்.

ஜோன் ரோறி போன ஒக்ரோபரில 62 வீத வாக்கோட மூன்றாம் முறையும் வென்றவர். நாலு மாதம் ஆகமுதல், தன்ர அலுவலகத்தில வேலை செய்த ஒரு பெண்ணோட இருந்த தொடர்பு பத்திரிகையில வந்தது. பெப்ரவரி 10 இரவே விலகப்போறன் எண்டு அறிவிச்சு, 17ஆம் திகதி போயிட்டார். இப்ப வாக்குச்சீட்டில 102 பெயர். 25 பேரின்ர கையெழுத்தும் 250 டொலரும் இருந்தால் ஆரும் நிற்கலாம் எண்டதால இந்தக் கூட்டம்.

நான் வாடகைக்கு இருக்கிறவன். எங்கட கட்டடத்தில அரைவாசிக்கு மேல தமிழ்ச் சனம். லிஃப்ற்றில ஏறினால் ஊர்த் தேர்தல், இந்தியத் தேர்தல் எல்லாம் கதைபடும். இந்தத் தேர்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும், குப்பை எப்ப எடுப்பினம், பிள்ளையின்ர நீச்சல் வகுப்புக்கு இடம் கிடைக்குமா, இதெல்லாத்தையும் தீர்மானிக்கிறது நகரசபைதானே. நீங்கள் யாருக்குப் போடுறியள், ஏன் போடுறியள் எண்டு சொல்லுங்கோ.

---

பனங்காய்ப் பணியாரம் | 5 யூன் 2023

நல்ல திரி தம்பி. 102 எண்டு பயப்படாதேங்கோ. ஓட்டத்தில உண்மையில நிற்கிறது ஏழெட்டுப் பேர்தான்.

கருத்துக்கணிப்பு எல்லாத்திலயும் முன்னுக்கு நிற்கிறது ஒலிவியா சௌ. ஹொங்கொங்கில பிறந்து 13 வயதில வந்தவர். 1985இல பாடசாலைச் சபை, பிறகு நகரசபை, பிறகு பாராளுமன்றம். புதிய ஜனநாயகக் கட்சித் தலைவராய் இருந்து காலமான ஜாக் லேய்ட்டனின்ர மனைவி. 2014இல மேயருக்கு நிண்டு மூன்றாவதாய் வந்தவர். அவருக்குப் பின்னால ஆனா பைலாவ். போர்த்துக்கலில இருந்து பதின்வயதில வந்து, தாயோட சேர்ந்து அலுவலகங்கள் துப்பரவாக்கிப் படிச்சவர். 12 வருஷம் நகரசபையில இருந்தவர், ரோறிக்குத் துணை மேயராயும் இருந்தவர். முன்னாள் பொலிஸ் தலைவர் மார்க் சாண்டர்ஸ் பாதுகாப்பைத்தான் பேசுறார், ஒன்ராறியோ மாகாண முதல்வர் டக் போர்ட்டின்ர மனசு அவரோட. ஜோஷ் மற்லோ, பிராட் பிராட்போர்ட் இரண்டு பேரும் இப்ப நகரசபையில இருக்கிறவை. அந்தனி பியூரி பத்தி எழுத்தாளர். எங்கட பக்கத்து ஆள் மிற்சி ஹன்ரர், ரொறன்ரோவின்ர கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில கில்ட்வூட் தொகுதியின்ர மாகாணசபை ஆசனத்தையே விட்டுட்டு வந்து நிற்கிறார்.

என்ர வாக்கு சௌவுக்கு. வாடகைக்காரரைப் பற்றி முதல் வசனத்திலயே பேசுறது அவர்தான். நகரமே வீடு கட்டி, வாடகைக்கு இருக்கிறவையைக் காப்பாத்த வேணும் எண்டு நேரடியாய்ச் சொல்லுறார்.

---

நாவற்குழி மாமா | 6 யூன் 2023

பிள்ளை, வீட்டுக்காரரின்ர கதையையும் கேளுங்கோ. இந்த வருஷமே சொத்துவரி எல்லாம் சேர்த்து 7 வீதம் ஏறினது. நான் ஓய்வூதியத்தில இருக்கிறன். மோட்கேஜ் முடிஞ்சாலும் வரியும் காப்புறுதியும் முடியாது. சௌ அம்மாவிட்ட "எத்தனை வீதம் கூட்டுவியள்" எண்டு ஒவ்வொரு விவாதத்திலயும் கேட்கினம். ஒரு இலக்கமும் வாயில வரேல்லை. இலக்கம் சொல்லாத ஆளுக்கு நான் எப்படி வாக்குப் போடுறது?

பைலாவ் நகரசபையின்ர உள்ளும் புறமும் தெரிஞ்சவர். கார்டினர் அதிவேகப் பாதையையும் டொன் வலி பார்க்வேயையும் மாகாணம் எடுக்க வேணும் எண்டு சொல்லுறார். அது சரியான கதை. ரொறன்ரோவுக்கு வெளியில, அஜக்ஸில இருந்தும் மிசிசாகாவில இருந்தும் வாற கார் ஓடுற பாதைக்கு ஸ்காபரோவில இருக்கிற நான் ஏன் வரி கட்ட வேணும்?

---

எக்லின்ரன் கிழக்கு | 6 யூன் 2023

மாமா, இலக்கம் சொல்ல வேணும் எண்டதில நானும் உங்களோட ஒத்துப்போறன். ஆனால் ரொறன்ரோவின்ர சொத்துவரி வீதம் சுத்தியிருக்கிற நகரங்களைவிடக் குறைவு. கனகாலமாய் வரியைப் பணவீக்கத்தோட பிடிச்சு வைச்சுத்தான் வென்றவை. அதின்ர விலையை இப்ப பஸ்சிலயும் பூங்காவிலயும் நூலகத்திலயும் கட்டுறம். நகரசபையின்ர பற்றாக்குறை பில்லியன் டொலருக்கு மேல. ஒன்ராறியோச் சட்டப்படி நகரசபை அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறையோட வரவுசெலவுத் திட்டம் போடேலாது. வரி, கட்டணம், வெட்டு, இல்லாட்டில் மாகாணத்திட்டயும் மத்தியிட்டயும் கை நீட்டுறது. ஆர் வந்தாலும் இதுக்குள்ளதான் நிற்க வேணும்.

---

அஜக்ஸ்வாசி | 6 யூன் 2023

நாங்கள் வீடு பெரிசாய் வேணும் எண்டு அஜக்ஸுக்கு வந்திட்டம். ஸ்காபரோ மல்வேர்னில இருக்கிற பழைய வீடு என்ர பெயரிலதான், வாடகைக்கு விட்டிருக்கிறம். எனக்கு இந்தத் தேர்தலில வாக்கு இல்லைத்தானே?

---

கணக்கு வாத்தியார் | 7 யூன் 2023

அஜக்ஸ்வாசி, உங்களுக்கு வாக்கு உண்டு. கனடியக் குடியுரிமை, 18 வயது, ரொறன்ரோவில் வசிப்பது அல்லது அங்கே சொத்து வைத்திருப்பது அல்லது வாடகைக்கு எடுத்திருப்பது, இவை போதும். சொத்து உங்கள் பெயரிலோ உங்கள் துணைவரின் பெயரிலோ இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் செல்லாது. எத்தனை வீடு இருந்தாலும் ஒரு நகரத்தில் ஒரு வாக்குத்தான். வாக்காளர் அட்டை வரவில்லையென்றாலும் பெயரும் அந்த ரொறன்ரோ முகவரியும் உள்ள ஓர் அடையாளப் பத்திரத்துடன் போகலாம். சொத்துவரிப் பற்றுச்சீட்டே போதும்.

மார்க்கத்துக்கும் அஜக்ஸுக்கும் விற்பிக்கும் போன எம்மவரில் ஸ்காபரோ வீட்டை விற்காமல் வைத்திருப்போர் ஏராளம். அவர்களில் பலருக்கு இது தெரியாது. பகிர்ந்துகொள்ளுங்கள்.

---

புதுவரவு | 7 யூன் 2023

வாத்தியார் ஐயா, வாசிக்கக் கவலையாய் இருக்கு. நான் பிஆர், நிரந்தர வதிவாளர். மல்வேர்னிலதான் இருக்கிறன், இங்கதான் வேலை, இங்கதான் வரி, பிள்ளை இங்கதான் பள்ளிக்கூடம். எனக்கு வாக்கு இல்லை. அஜக்ஸில இருக்கிற அண்ணைக்கு மல்வேர்னில வாக்கு இருக்கு. அண்ணை கோவிக்காதேங்கோ, உங்களில பிழை சொல்லேல்லை. என்ர பஸ்சை ஆர் ஓட்டுறது எண்டதில எனக்கு ஒரு சொல்லும் இல்லை.

---

அஜக்ஸ்வாசி | 7 யூன் 2023

கோவம் ஒண்டும் இல்லைத் தம்பி. நீர் சொல்லுறது நியாயம். என்ர வாடகைக்காரரும் பிஆர்தான். அவையிட்டக் கேட்டுப்போட்டு அந்த வட்டாரத்துக்கு என்ன தேவையோ அதைப் பார்த்துப் போடுறன்.

---

கணக்கு வாத்தியார் | 8 யூன் 2023

புதுவரவு, நிரந்தர வதிவாளருக்கு நகரத் தேர்தலில் வாக்குரிமை தர வேண்டும் என்று ரொறன்ரோ நகரசபை 2013லேயே தீர்மானம் எடுத்து மாகாணத்திடம் கேட்டது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் மாகாணத்திடம் மட்டுமே உண்டு. இதுவரை மாற்றவில்லை.

இந்த நகரத்தின் தேர்தலில் மாகாணத்தின் கை எவ்வளவு நீளம் என்பதை எல்லோரும் அறிய வேண்டும். 2018இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே டக் போர்ட் அரசு நகரசபை ஆசனங்களை 47இலிருந்து 25ஆகக் குறைத்தது. விருப்பத் தெரிவு வாக்களிப்பு, அதாவது முதலாம், இரண்டாம், மூன்றாம் விருப்பு என்று இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் போடுவதைப் போன்ற முறை, ஒன்ராறியோ நகரங்களுக்குச் சட்டப்படி திறந்திருந்தது. 2018இல் ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரம் அதைப் பயன்படுத்தியது. 2020இல் அதையும் நீக்கிவிட்டார்கள். போன வருடக் கடைசியில், 25 உறுப்பினரில் 8 பேரின் ஆதரவு இருந்தாலே சில உபசட்டங்களை நிறைவேற்றும் அதிகாரத்தை ரொறன்ரோ மேயருக்குக் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆளும், மூன்றில் இரண்டு பங்கு வேடிக்கை பார்க்கும். இதை மக்களாட்சி என்று என்னால் ஏற்க முடியாது. அந்த அதிகாரத்தைத் தொடமாட்டேன் என்று சௌ வாக்குறுதி கொடுத்திருக்கிறார். என் முடிவுக்கு அதுவே முதல் காரணம்.

---

இரவுப்பணியாளன் | 9 யூன் 2023

நான் இரவு வேலை. விடிய முடிஞ்சு வரேக்க பஸ்சில நிற்கிற முகங்களைப் பாருங்கோ: துப்பரவு, பக்டரி, முதியோர் இல்லம், கோப்பிக் கடை. எல்லாம் எங்கட ஆக்களும் எங்களைப் போல ஆக்களும். பஸ் குறைஞ்சால் முதல் அடி அந்தச் சனத்துக்கு.

ஸ்காபரோ ஆர்ரி ரயிலை வர்ற நவம்பரில நிற்பாட்டப் போகினம். 1985இல ஓடத் தொடங்கினது. அதுக்குப் பதிலாய் வாற மூண்டு ஸ்ரேசன் சப்வே முடிய எத்தனையோ வருஷம். அந்த இடைவெளியில எங்களுக்கு பஸ்தான். தண்டவாளம் இருந்த பாதையைத் தனி பஸ் பாதை ஆக்கினால் லைட்டில நிற்காமல் கெனடி சப்வே ஸ்ரேசனுக்கு ஓடலாம். இதுக்கு ஆர் காசு வைக்கிறதாய்ச் சொல்லினமோ அவைக்குத்தான் என்ர வாக்கு. டவுன்ரவுண் ஆக்கள் சைக்கிள் பாதையைப் பற்றிச் சண்டை பிடிக்கட்டும், எங்கட கேள்வியை நாங்கள் கேட்பம்.

---

நாவற்குழி மாமா | 22 யூன் 2023

நேற்று ஜோன் ரோறி பைலாவுக்கு ஆதரவு எண்டு அறிவிச்சிட்டார். சாண்டர்ஸ், பியூரிக்குப் போட இருக்கிறவை யோசிக்க வேணும். வாக்குப் பிரிஞ்சால் சௌ 35 வீதத்தோடயே வந்திடுவார்.

---

கணக்கு வாத்தியார் | 22 யூன் 2023

மாமா, நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தான் விருப்பத் தெரிவு முறை வேண்டும் என்கிறேன். அது இருந்திருந்தால் பியூரிக்குப் போடுபவர் இரண்டாவதாய் பைலாவையும், மற்லோவுக்குப் போடுபவர் இரண்டாவதாய் சௌவையும் குறித்துவிட்டு நிம்மதியாய் வந்திருப்பார். வருபவருக்கும் பாதிக்கு மேல் ஆதரவு இருந்திருக்கும்.

---

மோர்னிங்சைட் அக்கா | 28 யூன் 2023

தேர்தல் வேலைக்குப் போறன் எண்டதால இவ்வளவு நாளும் இந்தத் திரியில வாய் திறக்கேல்லை. இப்ப முடிஞ்சுது, எழுதுறன்.

முடிவு எல்லாருக்கும் தெரியும். ஒலிவியா சௌ 37 வீதம், பைலாவ் 32 வீதத்துக்குச் சற்று மேல. கிட்டத்தட்ட 34,000 வாக்கு வித்தியாசம். கருத்துக்கணிப்பு சொன்னதைவிட நெருக்கம். சாண்டர்ஸ் 9 வீதத்தைக்கூடத் தொடேல்லை. பக்கத்து நகரங்கள் ரொறன்ரோவோட இணைஞ்ச பிறகு வந்த முதல் பெண் மேயர். வெள்ளையரல்லாத முதல் மேயரும் அவர்தான். தாய் ஹோட்டலில அறை துப்பரவாக்கி வளர்த்த பிள்ளை அந்தக் கதிரையில இருக்கப் போறது எனக்குச் சந்தோஷம்.

வாக்குச்சாவடியில நான் கண்டதைச் சொல்லுறன். சீட்டு அவ்வளவு பெரிசு. குடும்பப் பெயரின்ர எழுத்து வரிசையில 102 பேர். வயதான ஒரு அம்மா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு விரலை வைச்சு ஒவ்வொரு பெயராய் இறக்கிக்கொண்டு வந்தா. பின்னுக்கு வரிசை நிற்குது எண்டு அவவுக்குப் பதட்டம். "அவசரம் இல்லை அம்மா, உங்கட நேரத்தை எடுங்கோ" எண்டு தமிழில சொன்னன். அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேணும். தேடிப் பிடிச்சு, குறி போட்டு, உறைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்து மெசினுக்குள்ள விட்டா. மெசின் சீட்டை உள்ள இழுத்துக்கொண்டதும் "இனி என்ர வாக்கு எண்ணுப்பட்டுதோ?" எண்டு கேட்டா. எண்ணுப்பட்டுது.

வந்த சிலபேர், அடையாள அட்டையில பழைய முகவரி இருக்கு எண்டு திரும்பப் போகப் பார்த்தவை. கைபேசிக் கணக்குச்சீட்டு மாதிரி பெயரும் முகவரியும் உள்ள ஒரு பத்திரம் காணும். உதவிக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டும் வரலாம், அவர் உறுதிமொழி எடுக்க வேணும். இதெல்லாம் தெரியாததால எத்தனை பேர் வீட்டிலயே நிண்டிருப்பினம் எண்டு நினைக்க நெஞ்சு பொறுக்குதில்லை.

வாக்களிப்பு இந்தமுறை 38 வீதத்துக்குக் கொஞ்சம் மேல. போன ஒக்ரோபரில 30 வீதம்கூட இல்லை. கூடினது உண்மைதான், ஆனால் பத்துப் பேரில ஆறு பேர் இந்தமுறையும் வரேல்லை.

இதைக் கட்டாயம் சொல்ல வேணும். 2018இல ஸ்காபரோ ரூஜ் பார்க் வட்டாரத்தில எங்கட நீதன் சான் 154 வாக்கால ஜெனிபர் மக்கெல்வியிட்டத் தோத்தவர். நூற்றைம்பத்து நாலு. எங்கட பக்கத்து ஒரு கட்டடத்துக்குள்ளயே அவ்வளவு வாக்கு இருக்கு. அதே மக்கெல்விதான் பிறகு துணை மேயராகி, ரோறி போனபிறகு இவ்வளவு மாதமும் இந்த நகரத்தைக் கொண்டு நடத்தினவர். அவர் நல்லாய்த்தான் நடத்தினார், அவரில குறை இல்லை. 154 பேர் எழும்பிப் போயிருந்தால் என்ன மாறியிருக்கும் எண்டு நாங்கள் யோசிக்க வேணும்.

நீதன் முதலில நகரசபைக்குப் போனது எப்படி? 2017 பெப்ரவரியில, ரேமண்ட் சோ மாகாணசபைக்குப் போன இடத்துக்கு வந்த இடைத்தேர்தலில. ரொறன்ரோ நகரசபைக்குப் போன முதல் தமிழர் அவர்தான். இங்க ஒருக்கா வென்ற கவுன்சிலர் தானாய்ப் போகும்வரைக்கும் தோக்கிறது அரிது. கட்சிப் பெயர் சீட்டில இல்லாததால சனம் தெரிஞ்ச பெயருக்குத்தான் குறி போடும். அதால எங்களைப் போல ஆக்களுக்கு ஆசனம் வெறுமையாகிற நாளிலதான் உண்மையான வாய்ப்பு. அந்த நாளில எங்கட ஆக்கள் நாலைஞ்சு பேர் போட்டிக்கு நிண்டு வாக்கை உடைக்கிறதும், மிச்சப்பேர் வீட்டில நிற்கிறதும் எனக்கு ஆறாத கவலை.

மிற்சி ஹன்ரர் விட்டுட்டு வந்த கில்ட்வூட்டில அடுத்த மாதம் 27ஆம் திகதி மாகாண இடைத்தேர்தல். அதிலயும் ஒரு தமிழ்ப் பிள்ளை நிற்கிறா. அந்தத் தொகுதியில இருக்கிறவை ஆருக்குப் போட்டாலும் சரி, போங்கோ.

---

நாவற்குழி மாமா | 28 யூன் 2023

பிள்ளை, நான் போட்ட ஆள் வெல்லேல்லை. ஆனால் நீர் எழுதினதை வாசிச்சுப்போட்டு என்ர தமையனின்ர வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டன். அங்க அஞ்சு வாக்கு, ஒருத்தரும் போகேல்லை. கில்ட்வூட் எண்டபடியால் அடுத்த மாதம் நானே காரில ஏத்திக்கொண்டு போறன்.

---

இரவுப்பணியாளன் | 25 யூலை 2023

நேற்றுப் பின்னேரம் எல்ஸ்மியருக்குக் கிட்ட ஆர்ரியின்ர கடைசிப் பெட்டி கழண்டு தடம் புரண்டிட்டுது. அஞ்சு பேருக்குச் சின்னக் காயமாம். உயிருக்கு ஒண்டும் இல்லை, அது கடவுள் புண்ணியம். சேவை முழுக்க நிற்பாட்டி பஸ் விடுகினம். நவம்பர் வரைக்கும் இனி ஓடுமோ தெரியாது. புது மேயர் பதவியேற்று இரண்டு கிழமைகூட ஆகேல்லை, முதல் சோதனை ஸ்காபரோவிலதான். எல்லாரும் உங்கட கவுன்சிலருக்கு எழுதுங்கோ, பஸ் பாதையை இப்பவே தொடங்கச் சொல்லி.

---

எக்லின்ரன் கிழக்கு | 2 டிசம்பர் 2023

திரியை மேல கொண்டுவாறன், மூண்டு விஷயம் இருக்கு.

ஆர்ரி திரும்ப ஓடவே இல்லை, நிரந்தரமாய் மூடிட்டினம். நவம்பர் 27 சௌவும் டக் போர்ட்டும் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கினம்: கார்டினரையும் டொன் வலி பார்க்வேயையும் மாகாணம் எடுக்குது. மாமா, உங்கட ஆள் பைலாவ் கேட்டது என்ர ஆள் சௌவால கிடைச்சிருக்கு. பதிலுக்கு ஏரிக்கரையில இருக்கிற ஒன்ராறியோ பிளேஸ் காணி விஷயத்தில நகரம் விட்டுக்குடுத்திருக்கு. அது எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது, நேற்று முன்தினம் ஸ்காபரோ தென்மேற்கு இடைத்தேர்தலில பார்த்தி கந்தவேள் வென்றிட்டார். கில்ட்வூட் மாகாண இடைத்தேர்தலில நிண்ட கேரி குரோபர்ட் நகரசபை ஆசனத்தை விட்டதால வந்த வெற்றிடம் அது. ரோறி விலக மேயர் தேர்தல், அதுக்காக ஹன்ரர் விலக கில்ட்வூட், அதுக்காக குரோபர்ட் விலக இது. மோர்னிங்சைட் அக்கா சொன்ன வெறும் ஆசனத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

---

நாவற்குழி மாமா | 16 பெப்ரவரி 2024

சொத்துவரி 9.5 வீதம் ஏறுது. இலக்கத்தைத் தேர்தலுக்கு முதலே கேட்டனான். கார்டினர் போனது நல்லது எண்டு ஒத்துக்கொள்ளுறன், ஆனால் வாக்கு வாங்கமுதல் சொல்லியிருக்க வேணும். 2026இல திரும்பவும் கேட்பன்.

---

மோர்னிங்சைட் அக்கா | 1 ஒக்ரோபர் 2025

நேற்று முன்தினம், செப்ரெம்பர் 29, ரூஜ் பார்க் இடைத்தேர்தலில நீதன் சான் வென்றிட்டார். ஏழு வருஷத்துக்கு முதல் 154 வாக்கால கைவிட்டுப்போன அதே வட்டாரம். மக்கெல்வி ஏப்ரலில அஜக்ஸ் பாராளுமன்ற உறுப்பினராய்ப் போனதால வந்த வெற்றிடம். இப்ப நகரசபையில எங்கட ஆக்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் இடைத்தேர்தலிலதான் வந்தவை.

---

புதுவரவு | 3 ஒக்ரோபர் 2025

அக்கா, நான் இப்ப சிற்றிசன். போன மாதம்தான் உறுதிமொழி எடுத்தனான். மல்வேர்னிலதான் இன்னும் இருக்கிறன். பெயர் பட்டியலில தானாய் வருமோ, நான் ஏதும் செய்ய வேணுமோ?

---

மோர்னிங்சைட் அக்கா | 3 ஒக்ரோபர் 2025

வாழ்த்துக்கள் தம்பி! தானாய் வரும் எண்டு நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ. வாக்காளர் பட்டியலை இப்ப ஒன்ராறியோ தேர்தல் திணைக்களம்தான் வைச்சிருக்கு, அதின்ர இணையத்தளத்தில உங்கட பெயரும் முகவரியும் சரியோ எண்டு பாருங்கோ. இல்லாட்டில் அங்கயே பதியலாம். அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. அண்டைக்குப் பட்டியலில பெயர் இல்லாட்டிலும் முகவரி உள்ள பத்திரத்தோட நேரே வாங்கோ, வாக்குச்சாவடியிலயே சேர்ப்பினம். மனுசியும் சிற்றிசன் எடுத்தவவோ? அப்பிடியெண்டால் அவவின்ர பெயரையும் சேர்த்துப் பாருங்கோ.